10,000 மணி நேரம்: அந்த எண் எங்கிருந்து வந்தது?

இந்த எபிசோடில் ஒரு எண்ணைப் பற்றிப் பேசப் போறோம். ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, மோட்டிவேஷன் பேச்சுல கேட்டிருப்பீங்க, டியூஷன் சார் கூட சொல்லியிருப்பார். "எதுல வேணும்னாலும் 10,000 மணி நேரம் உழை, நீ அதுல மாஸ்டர்." இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அதை நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு காலேஜ் அசைன்மென்ட் வழியா. ஆனா அதுக்கு முன்னாடியே அந்த எண்ணை நம்பி ஒரு முடிவு எடுத்துட்டேன். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

நான் ஒன்பது வயசுல வயலின் கத்துக்க ஆரம்பிச்சேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்புறம் வர்ணம்னு ஒழுங்காத்தான் போச்சு. பதினேழு வயசுல, பிளஸ் டூ படிக்கும்போது, இந்த 10,000 மணி நேரக் கதையைக் கேட்டேன். அன்னைக்கு ராத்திரியே நோட்டுல கணக்குப் போட்டேன். தினம் ஒரு மணி நேரம், எட்டு வருஷம். லீவு, ஜுரம், பரீட்சை எல்லாம் கழிச்சாம, ரொம்பத் தாராளமா போட்டாலும் 3,000 மணி நேரம் வரல. இன்னும் 7,000 பாக்கி. இதே வேகத்துல போனா இன்னும் 19 வருஷம். அந்த வாரமே பெட்டியை மூடி பீரோ மேல ஏத்திட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லல. ஒரு வகுத்தல் கணக்குதான் நிறுத்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர். நாலு பேர் சேர்ந்து ஒரு சர்வே எடுக்கணும், ரெண்டு அளவுகளுக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பார்க்கணும். நான்தான் தலைப்பு சொன்னேன்: இசைக் கலைஞர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் பண்றாங்க, அதுக்கும் அவங்க இருக்கிற நிலைக்கும் தொடர்பு உண்டா? ஏன் இந்தத் தலைப்புன்னு நான் மத்த மூணு பேர்கிட்டயும் சொல்லல. உள்ளுக்குள்ள, நான் நிறுத்தினது சரின்னு ஒரு கிராஃப் சொல்லணும்னு ஆசை.

கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். சபாவுக்குப் போய்ப் பக்கவாத்தியம் வாசிக்கிறவங்களைக் கேட்டோம். சர்ச்ல கீபோர்டு வாசிக்கிற பையனைக் கேட்டோம். லண்டன் கிரேடு எக்ஸாமுக்கு கிடார் கத்துக்கிறவங்களைக் கேட்டோம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" இதுதான் முதல் கேள்வி. வந்த பதில்கள் எல்லாமே உருண்டையா இருந்தது. ஒண்ணு, ரெண்டு, நாலு. யாரும் ஒரு மணி பத்து நிமிஷம்னு எழுதல.

கோயில்ல தவில் வாசிக்கிற ஒருத்தரை நேர்லயே போய்ப் பார்த்தோம். கேள்வியைக் கேட்டதும் சிரிச்சார். "முகூர்த்த நாள்னா விடியக்காலை நாலு மணிக்கே கிளம்பிடுவோம்மா. அன்னைக்கு முழுக்க வாசிப்புதான். அதைச் சாதகம்னு எழுதுவியா, வேலைன்னு எழுதுவியா? சின்ன வயசுல எங்க அண்ணன் வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே தொடையில தட்டிக்கிட்டிருப்பேன். அது எத்தனை மணி நேரம்னு போடுவ?"

எங்க ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல.

அசைன்மென்ட்டைக் கொடுத்தப்போ எங்க மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நீங்க அளந்தது அவங்க பயிற்சியையா, இல்ல அவங்க ஞாபகத்தையா?" எங்களுக்குக் கிடைச்ச முடிவு என்னன்னு இங்க சொல்லமாட்டேன். ஒரு வகுப்பு அசைன்மென்ட் எதையும் நிரூபிக்காது. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. 10,000 என்ற எண்ணை முதல்ல யார் அளந்தாங்க? எப்படி அளந்தாங்க? தேடிப் போனா, அவங்களும் எங்களை மாதிரியே கலைஞர்கள்கிட்ட போய் "எத்தனை மணி நேரம்?"னு கேட்டிருக்காங்க.

ரத்தமா, உழைப்பா?

கதை பெர்லினில் தொடங்கவில்லை. அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் தொடங்குகிறது.

1869-ல் பிரான்சிஸ் கால்டன் 'ஹெரிடிட்டரி ஜீனியஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நீதிபதிகள், படைத்தளபதிகள், கவிஞர்கள் என்று புகழ்பெற்றவர்களின் குடும்பங்களை வரிசைப்படுத்தி, மேதைமை வழிவழியாக வருவது என்று வாதிட்டார். அதில் இசைக்கலைஞர்களுக்கு என்றே ஓர் அத்தியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக இசைக்கலைஞர்களைத் தந்த ஜெர்மனியின் பாக் குடும்பம் அவருக்குக் கைக்கு வாகான சாட்சி.

இங்கே நிறுத்தி அந்தத் தவில்காரரை நினைச்சுப் பாருங்க. அண்ணன் வாசிக்கிறதைக் கேட்டுத் தொடையில தட்டின பிள்ளை. அவருக்கு வந்தது ரத்தத்துலயா, வீட்டுக் கூடத்துலயா? குடும்பப் பட்டியலை மட்டும் வெச்சு இதைப் பிரிக்க முடியாது. ஒரே குடும்பத்துல ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற ஒண்ணு. நாங்க அசைன்மென்ட்டில் போட்ட 'கோரிலேஷன்', தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒட்டுறவு, அதை 1888-ல் முன்வைத்தவரும் இதே கால்டன்தான். 1896-ல் கார்ல் பியர்சன் அதற்கு இன்று நாம் பயன்படுத்தும் கணக்கு வடிவத்தைக் கொடுத்தார். திறமை பிறப்பிலேயே வருவது என்று நம்பியவர் உருவாக்கிய அதே கருவியை எடுத்துத்தான், உழைப்பால் வருவதா என்று பின்னால் வந்தவர்கள் சோதித்தார்கள்.

அடுத்து அமெரிக்கா. 1919-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் கார்ல் சீஷோர் இசைத் திறமைக்கு ஒரு தேர்வு வெளியிட்டார். கிராமபோன் தட்டைப் போட்டு, இரண்டு ஒலிகளில் எது உயர்ந்தது, எது நீளமானது என்று பிள்ளைகளைக் கேட்பார்கள். இந்தக் காது பிறவியில் அமைவது, பயிற்சியால் பெரிதாக மாறாது என்பது சீஷோரின் எண்ணம். அப்படி எண்ணினால் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? தேர்வில் குறைந்த பிள்ளைக்கு எதற்கு வாத்தியம் என்று கேட்கத் தோன்றும். ஓர் அளவுகோல் ஒரு குழந்தையின் கையில் இருந்து வாத்தியத்தை வாங்கி வைக்க முடியும்.

ஏழிலிருந்து எழுபத்தொன்பது

1973-ல் ஹெர்பர்ட் சைமன், வில்லியம் சேஸ் என்ற இருவர் சதுரங்க வீரர்களை ஆராய்ந்து ஒன்று சொன்னார்கள். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்ட ஏறக்குறைய பத்து ஆண்டுகளாவது அந்த ஆட்டத்தில் மூழ்கியிருக்க வேண்டும். 'பத்தாண்டு விதி' என்று பின்னால் பெயர் வாங்கியது இதுதான்.

அதே சேஸுடன் சேர்ந்து வேலை செய்தவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன். இவர்கள் ஒரு சாதாரணக் கல்லூரி மாணவரை உட்கார வைத்து, வரிசையாக இலக்கங்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். முதலில் அவரால் நம்மைப் போலவே 7 இலக்கங்கள்தான் முடிந்தது. 230 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கங்கள் சொன்னார். மாணவர் ஓட்டப்பந்தயக்காரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி மாற்றி அடுக்கி வைத்துக்கொண்டார். 1980-ல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது.

இதைப் பக்கத்துல இருந்து பார்த்த ஒருத்தர், பயிற்சியால முடியாதது என்ன இருக்குன்னு நினைக்காம இருப்பாரா?

மேற்கு பெர்லினின் வயலின் மாணவர்கள்

எரிக்சன், ரால்ஃப் கிராம்பே, கிளெமென்ஸ் டெஷ்-ரோமர் மூவரும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரிக்குப் போனார்கள். ஆசிரியர்களிடம், "உலக அளவில் தனிக் கச்சேரி செய்யும் அளவுக்கு வரக்கூடியவர்கள் யார்?" என்று கேட்டு 10 பேரை எடுத்தார்கள். அடுத்த நிலையில் நல்ல மாணவர்கள் 10 பேர். இசை ஆசிரியர் ஆவதற்காகப் படித்தவர்கள் 10 பேர். மொத்தம் 30. இவர்களோடு ஒப்பிட, பெர்லினின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்த நடுவயதுக் கலைஞர்கள் 10 பேர்.

வயலின் தொட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வயதிலும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதைக் கூட்டி, 18 வயதுக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்தார்கள். முதல் குழு சராசரியாக 7,410 மணி நேரம். இரண்டாவது குழு 5,301. ஆசிரியர் குழு 3,420.

கடைசி எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

இத்தோடு நிறுத்தவில்லை. ஒரு வாரம் முழுக்க டயரி எழுதச் சொன்னார்கள்: பயிற்சி, சாப்பாடு, அரட்டை, தூக்கம் எல்லாமே. முதல் இரண்டு குழுக்களும் வாரத்துக்குச் சராசரியாக 24 மணி நேரத்துக்கு மேல் தனியாக வாசித்தார்கள். ஆசிரியர் குழு 9 மணி நேரம் சொச்சம். தூக்கத்திலும் வித்தியாசம் இருந்தது. அதிகம் வாசித்தவர்கள்தான் அதிகம் தூங்கினார்கள், பகலிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள். ராத்திரி பகலா கண்ணு முழிச்சு உழைச்சாதான் உழைப்புன்னு சொல்றவங்களுக்கு இதை அனுப்பி வையுங்க.

1993-ல் 'சைக்கலாஜிக்கல் ரெவ்யூ' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் மையச் சொல் 'டெலிபரேட் பிராக்டிஸ்'. ஒரு குறையைக் குறிவைத்து, முழுக் கவனத்தோடு, திருத்திக்கொண்டே செய்யும் பயிற்சி. வேலையாக வாசிப்பது வேறு, பொழுதுபோக்காக வாசிப்பது வேறு, இது வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். தவில்காரர் எங்ககிட்ட கேட்ட அதே கேள்விதான். அவங்க ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இருந்தது.

ஆனா ஒண்ணு கவனிங்க. டயரி ஒரு வாரத்துக்குத்தான். 7,410 என்ற எண் டயரியிலிருந்து வரல. இருபது வயசு ஆளைக் கூப்பிட்டு, "எட்டு வயசுல வாரத்துக்கு எவ்வளவு வாசிச்சே?"ன்னு கேட்டு வந்த எண் அது. அதுவும் அவங்களுக்குத் தாங்கள் எந்த நிலையில இருக்கோம்னு தெரிஞ்ச பிறகு. 'நான் கல்லூரியிலேயே சிறந்தவன்'னு நினைக்கிறவன் தன் குழந்தைப் பருவத்தை எப்படி நினைவு வெச்சிருப்பான்? மேடம் கேட்ட கேள்வி இங்கயும் நிக்குது.

இதற்கு ஒரு வழி உண்டு. 1996-ல் ஜான் ஸ்லோபோடாவும் மற்றவர்களும் பிரிட்டனில் 8 முதல் 18 வயது வரையிலான 257 பேரை ஆராய்ந்தார்கள். இசைப் பள்ளியில் சிறந்து விளங்கியவர்கள் முதல் பாதியில் நிறுத்தியவர்கள் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். 94 பேர் 42 வாரங்கள் டயரி எழுதினார்கள். மேலே வந்தவர்கள் அதிகம் பயிற்சி செய்திருந்தார்கள். குறைவாகப் பயிற்சி செய்து அதே கிரேடைத் தட்டிக்கொண்டு போன அதிசயப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் தென்படவில்லை. மேலே வந்தவர்களின் பயிற்சி வாரத்துக்கு வாரம் அதிகம் ஏறி இறங்காமலும் இருந்தது.

ஆக, பயிற்சி முக்கியம். அதுல சந்தேகமே இல்ல. குழப்பம் வந்தது அதுக்கப்புறம்.

சராசரி எப்படி சட்டம் ஆனது

2008-ல் மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லையர்ஸ்' வந்தது. பெர்லின் மாணவர்கள், ஹாம்பர்க்கில் இரவிரவாக வாசித்த பீட்டில்ஸ், பள்ளி நாளிலேயே கம்ப்யூட்டர் கிடைத்த பில் கேட்ஸ், எல்லாரையும் ஒரே சரட்டில் கோத்தார். அந்தச் சரட்டின் பெயர் '10,000 மணி நேர விதி'.

பெர்லின் ஆய்வில், முதல் குழுவின் சராசரி 20 வயதில் 10,000-ஐத் தொடுகிறது. அது உண்மை. ஆனால் அங்கே அது ஒரு விதி அல்ல. 2016-ல் ராபர்ட் பூலுடன் சேர்ந்து எழுதிய 'பீக்' புத்தகத்தில் எரிக்சனே இதை மறுத்தார். அது வெறும் சராசரி. முதல் குழுவிலேயே பாதிப் பேர் 20 வயதில் 10,000-ஐ எட்டவில்லை. 20 வயதில் அவர்கள் இன்னும் மாணவர்கள்தான், மாஸ்டர்கள் இல்லை. எண்ணை 18 வயதில் எடுத்திருந்தால் 7,000 சொச்சம் என்று வந்திருக்கும், அது சட்டைப் பனியனில் அச்சடிக்கத் தோதாக இருந்திருக்காது. தவிர, மேடையில் வாசித்த நேரத்தையும் குறிவைத்துச் செய்த பயிற்சியையும் கிளாட்வெல் ஒன்றாக்கிவிட்டார் என்பது அவருடைய இன்னொரு குறை.

எரிக்சன் சொன்னதும் அப்படியே நிற்கவில்லை. 2014-ல் புரூக் மக்னமாரா குழுவினர் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இசையில் ஆளுக்கு ஆள் இருக்கும் திறமை வேறுபாட்டில் 21 சதவீதத்தைத்தான் இந்தப் பயிற்சி விளக்கியது. ஆட்டங்களில் 26, விளையாட்டில் 18, படிப்பில் 4 சதவீதம்.

2019-ல் மக்னமாராவும் மேகா மைத்ராவும் பெர்லின் ஆய்வையே திரும்பச் செய்தார்கள். இந்த முறை குழுவுக்கு 13 பேர், மொத்தம் 39 வயலின் கலைஞர்கள். யார் எந்தக் குழு என்று பேட்டி எடுப்பவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் குழு 20 வயதுக்குள் சுமார் 6,000 மணி நேரம். மேலே இருந்த இரண்டு குழுக்களும் சுமார் 11,000. அதாவது 'மிகச் சிறந்த'வர்களுக்கும் 'நல்ல'வர்களுக்கும் நடுவில் மணி நேரத்தில் வித்தியாசம் இல்லை. எரிக்சன் இதை ஏற்கவில்லை. ஆசிரியர் வழிகாட்டிச் செய்யும் பயிற்சியைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த விவாதம் முடியாமலே 2020-ல் அவர் காலமானார்.

இன்னொன்று. 2014-ல் மிரியம் மோசிங் குழுவினர் ஸ்வீடனில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். உருவொத்த இரட்டையரில் ஒருவர் அதிகம் வாசித்திருந்தாலும், ஸ்ருதி, மெட்டு, தாளம் இவற்றைக் காதால் பிரித்தறிவதில் மற்றவரை விட மேலாக இல்லை. அவங்க சோதிச்சது காதைத்தான், விரலை இல்ல. அதனால, பயிற்சி வீண்னு இதை வெச்சு யாராவது ரீல்ஸ் போட்டா அதையும் நம்பாதீங்க.

3,420

இப்போ அந்த எண்ணுக்கு வர்றேன். பெர்லினில் இசை ஆசிரியர் ஆகப் படித்தவர்கள் 18 வயதுக்குள் சேர்த்திருந்த சராசரி. அவங்க அந்த இசைக் கல்லூரியில இடம் வாங்கினவங்க. இசையையே தொழிலா எடுத்துக்கிட்டவங்க. நான் பதினேழு வயசுல நோட்டுல போட்ட கணக்கு 3,000-க்குக் கொஞ்சம் கம்மி. 'இவ்வளவுதானா'ன்னு நான் பெட்டியை மூடின இடம், அவங்க நின்ன இடத்துக்கு ரொம்பத் தூரத்துல இல்ல. அவங்களோட நான் ஒண்ணுன்னு சொல்ல வரல. பாக்கி 7,000ன்னு நான் பயந்தேனே, அந்தப் பாக்கியை யாரும் என்கிட்ட கேட்கவே இல்லங்கிறதுதான் விஷயம். அது உலக மேடைக்குப் போகக்கூடியவங்கன்னு பொறுக்கி எடுத்த பத்துப் பேரோட சராசரி. எங்க தெருவுல நவராத்திரிக் கொலுவுக்கு வயலின் வாசிக்க அது எதுக்கு?

அந்த 3,000 கூட ஞாபகத்துல இருந்து எடுத்ததுதான். ஒரு நாள்கூட நான் எழுதி வெக்கல. நேரத்துக்குத்தான் கணக்குப் போட்டேன், அந்த நேரத்துல என்ன செஞ்சேன்னு பார்க்கவே இல்ல. பாதி நாள் ஒரே வர்ணத்தை, வராத இடத்தை அவசரமா தாண்டித் தாண்டி வாசிச்சிருப்பேன்.

பெட்டியை இறக்கினியான்னு கேப்பீங்க. இறக்கினேன். ஒரு தந்தி அறுந்து கிடந்தது, வில்லோட முடி தளர்ந்து போயிருந்தது. சரி பண்ணி வாங்கினேன். இப்போ வாரத்துல மூணு நாலு நாள் வாசிக்கிறேன். மோகன வர்ணம் இன்னும் ரெண்டாம் காலத்துல சறுக்குது. எங்க சறுக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதறேன். மொத்தம் எத்தனை மணி நேரம்னு கூட்டறதில்ல.

உங்களுக்கும் ஒரு அசைன்மென்ட். வாத்தியம், வரைதல், கோடிங், எதுவா இருந்தாலும் சரி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்யறீங்கன்னு இப்பவே ஒரு காகிதத்துல எழுதி மடிச்சு வையுங்க. அப்புறம் ஏழு நாள் நிஜமா எழுதிப் பாருங்க, என்ன செஞ்சீங்கன்னும் சேர்த்து. ரெண்டு எண்ணும் ஒத்துப்போச்சான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.